குருசுமுத்து கழற்றிய கண்ணாடி

யாழ்ப்பாணத்துத் தீவு ஊரான கரம்பொன்னில் அந்த வீட்டை எல்லாரும் நூதனசாலை என்றுதான் சொன்னார்கள். சொல்லும்போதே வாயோரத்தில் ஒரு சிரிப்பும் வந்துவிடும். கத்தரீனாவுக்கோ சிரிப்போடு கோபமும் வரும்.

“நூதனசாலை எண்டா அரசன்ரை வாள் இருக்கும், பழைய காசு இருக்கும். இஞ்சை என்ன கிடக்கு? ஒரு கதிரை, நாலு பேனை, ஒரு மைப்போத்தில். அதுக்குக் காவல் என்ரை மனுசன்!”

அவளுடைய மனுசன் குருசுமுத்து அதைக் காதில் போட்டுக்கொள்ளமாட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயிலால் வந்து, சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, தோய்த்த சேட்டைப் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்துவிடுவார். பின்நேரம் மூன்று மணிக்கு நூதனசாலையில் படம் ஓட்ட வேண்டும்.

அந்தக் கதிரையில் இருந்து பதினொரு வருசம் படக்கதை கீறியவர் சந்திரமௌலீசன். நயினாதீவில் தலைமுறை தலைமுறையாகப் பூசை செய்கிற குடும்பத்துப் பிள்ளை. மணி பிடிக்க வேண்டிய கையில் மைப்பேனையைப் பிடித்தவர். மனைவி சௌந்தரநாயகியோடு கரம்பொன்னில் வந்து குடியிருந்து, யாழ்ப்பாணத்துப் பத்திரிகை ஒன்றுக்குக் கிழமைக்கு நாலு கட்டம் கீறி அனுப்பினார். ‘வள்ளம் தவறிய வல்லிபுரம்’ என்பது கதையின் பெயர். கதையா அது! வல்லிபுரம் என்ற மனிதன் குறிகட்டுவான் துறைக்கு ஓடி ஓடி வருவான். நாலாவது கட்டத்தில் வள்ளம் போய்விட்டிருக்கும். ஒரு கிழமை ஆடு மறித்திருக்கும், ஒரு கிழமை மாமியார் மறித்திருப்பா. அவ்வளவுதான். ஆனால் தீவு முழுக்க அதைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தது. வழியில் கண்டவர்கள் எல்லாம், “ஐயா, அந்தப் பாவியை எப்ப ஏத்தப் போறியள்?” என்று கேட்பார்கள். அவரும் சளைக்காமல், “வாற கிழமை” என்பார்.

எண்பத்துமூன்று ஆடியில், படங்களைப் புத்தகமாக அடிக்கக் கொழும்புக்குப் போனார். அந்த ஆடியில் கொழும்பில் தமிழருக்கு என்ன நடந்தது என்று எல்லாருக்கும் தெரியும். கப்பலில் வந்து இறங்கியவர்களிடமெல்லாம் சௌந்தரநாயகி கேட்டுப் பார்த்தா. ஆளும் வரவில்லை, சேதியும் வரவில்லை. செத்ததைக் கண்டேன் என்று சொல்லவும் ஒருவருமில்லை.

அவ பொட்டை அழிக்கவில்லை. முன்கூடத்தைக் கூட்டித் துடைத்து, வீட்டில் கிடந்த இருநூற்றுச் சொச்சம் மூலப் படங்களையும் சுவரில் மாட்டி, வாசலில் பலகை வைத்தா. வரும்போது எல்லாம் ஒழுங்காக இருக்க வேணும் என்பது அவவுடைய எண்ணம். சனம்தான் அதற்கு நூதனசாலை என்று பேர் வைத்தது.

குருசுமுத்துவுக்கு இதில் என்ன பங்கு? அவர் அரசாங்கத்தின் படம் காட்டும் வானில் ஒப்பரேற்றராக இருந்தவர். மலேரியா, நெல் விதைப்பு, பிள்ளைக்குப் பால் கொடுப்பது என்று ஊரூராகப் போய்த் திரை கட்டிப் படம் காட்டின மனிதன். எண்பத்திரண்டில் வானோடு வந்த கமராக்காரன் ஒருவன், மிச்சமிருந்த ஒரு துண்டுப் பிலிமில் சந்திரமௌலீசனை எடுத்தான். மூன்று நிமிசம். சத்தம் இல்லை. அவர் குனிந்து கீறுகிறார், யாரோ கூப்பிட்டதுபோல நிமிர்கிறார், நேரே பார்த்துச் சிரிக்கிறார், திரும்பவும் குனிகிறார். குருசுமுத்து அப்போது பக்கத்தில் நின்று, முகத்தில் வெளிச்சம் விழத் தகரம் பிடித்தவர். பிறகு குழப்பம் கூடி வான் ஓட்டம் நின்றது. கழித்துவிட்ட ஒரு புரொஜெக்டரும் சில பழைய படங்களும் அந்த மூன்று நிமிசமும் அவரிடம் மிஞ்சின.

ஞாயிறுகளில் கூடம் நிறைந்துவிடும். யன்னல்களுக்குப் பாய்ச்சீலை கட்டி இருட்டாக்குவார். ஜெனரேற்றர் வளவுக்குள் நின்று குரைக்கும். முதலில் மலேரியா நுளம்புப் படம். நூறுதரம் பார்த்த நுளம்புதான், என்றாலும் சனம் கை தட்டும். கடைசியாக அந்த மூன்று நிமிசம். அப்போது மட்டும் சௌந்தரநாயகி குசினியிலிருந்து வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பா. அவர் நிமிர்ந்து சிரிக்கிற இடத்தில், இருட்டிலும் சீலைத் தலைப்பைச் சரிசெய்வா. குருசுமுத்து அதைக் கண்டும் காணாததுபோல நிற்பார்.

எண்பத்தாறில் ஒருநாள் அவ கேட்டா.

“அண்ணை, படம் மங்கலாக் கிடக்கு. அவற்ரை முகம் வடிவாத் தெரியேல்லை. ஒண்டும் செய்யேலாதோ?”

ஜெனரேற்றருக்கு வலு காணாது. விளக்கும் கிழடு. குருசுமுத்து யோசித்துப் பார்த்து, விளக்குக்கும் பிலிமுக்கும் நடுவில் சூடு மறிக்கிற சின்னக் கண்ணாடி ஒன்று இருந்ததே, அதைக் கழற்றினார். அது சூட்டோடு கொஞ்ச வெளிச்சத்தையும் குடித்துக்கொண்டிருந்தது. பிலிம் ஓடிக்கொண்டிருந்தால் பயமில்லை. நிற்கக்கூடாது, அவ்வளவுதான். அடுத்த ஞாயிறு சுவரில் அந்த முகம் பளிச்சென்று வந்தது. மூக்குக்கண்ணாடியின் கீறல்கூடத் தெரிந்தது. சௌந்தரநாயகி நிலையை விட்டு இரண்டு அடி முன்னுக்கு வந்தா. அன்றைக்குக் குருசுமுத்து பாட்டுப் பாடிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

எண்பத்தெட்டில் நயினாதீவிலிருந்து சந்திரமௌலீசனின் தமையன் குமாரசுவாமி ஐயர் வந்தார். ஐந்து வருசம் முடிந்துவிட்டது, இனிக் காரியம் செய்துவிட வேணும் என்றார். உடல் கிடைக்காதவருக்குத் தர்ப்பைப் புல்லில் ஆளுருவம் செய்து எரிப்பது வழமை. அவர் புல்லையும் கொண்டுவந்திருந்தார்.

“புல்லை எரிச்சிட்டு அவர் செத்திட்டார் எண்டு நான் நம்ப வேணுமோ, அத்தான்?”

“நீர் நம்பாட்டிலும் அவன்ரை ஆத்துமா அலையுமெல்லே.”

“அவர் உயிரோடை இருந்தால்? உயிரோடை இருக்கிறவரை எரிச்ச பாவம் ஆருக்கு?”

ஐயர் ஊருக்குத் திரும்பாமல் அங்கேயே தங்கினார். புல்லுக்கட்டு விறாந்தையில் கிடந்தது.

அடுத்த ஞாயிறு சந்திரமௌலீசன் பிறந்த நட்சத்திரம். சௌந்தரநாயகி தலைமுழுகி, பட்டுச்சீலை உடுத்து, தட்டில் கற்பூரத்தோடு வந்து குருசுமுத்துவுக்குக் கிட்ட நின்றா.

“அண்ணை, அவர் சிரிக்கிற இடத்திலை ஒருக்கா நிப்பாட்டுங்கோ. ஆயுசுக்கு முகத்துக்கு நேரை ஒரு தீபம் காட்டிப்போட்டு விடுறன்.”

பிலிம் நிற்கக்கூடாது என்று குருசுமுத்துவுக்குத் தெரியும். கழற்றிய கண்ணாடி வீட்டில், தகரப் பெட்டிக்குள் கிடந்தது. ‘இண்டைக்கு ஏலாது அம்மா, வாற கிழமை’ என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தப் பட்டுச்சீலையைப் பார்த்தார். ஐந்து வருசம் பெட்டிக்குள் மடித்திருந்த மடிப்பு இன்னும் அழியவில்லை. இரண்டு மூன்று செக்கன்தானே, தாங்கும் என்று நினைத்தார்.

“ஓம் அம்மா. கெதியாக் காட்டுங்கோ.”

சுவரில் அவர் நிமிர்ந்தார். சிரித்தார். குருசுமுத்து நிற்பாட்டினார்.

சௌந்தரநாயகி நெருப்புக்குச்சியைக் கிழித்தா. கடற்காற்றில் ஈரம் குடித்த குச்சி, பற்றவில்லை. இரண்டாவது குச்சியின் தலை கழன்று விழுந்தது. குருசுமுத்துவின் விரல் பொத்தானில் இருந்தது. அமத்தினால் பிலிம் ஓடிவிடும். அவ அடுத்த குச்சியை எடுப்பதைப் பார்த்தார், அமத்தவில்லை. மூன்றாவது குச்சி பற்றியது. கற்பூரம் எரிந்தது. அவ தட்டை உயர்த்தி ஒரு சுற்றுச் சுற்றினா.

சுவரில் அவருடைய கன்னத்தில் ஒரு மண்ணிறப் புள்ளி வந்தது. அது விரிந்தது. கொப்பளித்தது. சிரிப்பு சுருங்கி, கண்ணைப் பிடித்து, நெற்றியைப் பிடித்து, நடுவில் வெள்ளையாக ஒரு ஓட்டை விழுந்தது. கூடத்தில் இருந்த சனம் எல்லாம் எழும்பிக் கைகூப்பியது. குருசுமுத்து விளக்கை அணைத்தபோது தீய்ந்த மணம் மட்டும் மிச்சமாக இருந்தது.

சௌந்தரநாயகி கற்பூரம் தானாக எரிந்து நூரும்வரை தட்டைப் பிடித்தபடி நின்றா. பிறகு புறங்கையால் பொட்டை அழித்தா.

“புல்லு தேவையில்லை, அத்தான். எரிஞ்சு போச்சு” என்று ஐயருக்குச் சொன்னா. குருசுமுத்துவிடம் திரும்பி, “அவரே வந்து தீபத்தை வாங்கிக்கொண்டு போயிட்டார், அண்ணை” என்றா.

கண்ணாடியைப் பற்றிச் சொல்ல வாய் எடுத்த குருசுமுத்து, அந்தச் சொல்லைக் கேட்டபின் சொல்லவில்லை. எரிந்த துண்டை வெட்டி, மிச்சத்தை ஒட்டினார். இப்போது படத்தில் சந்திரமௌலீசன் குனிந்திருப்பார், ஒரு துள்ளல், திரும்பவும் குனிந்திருப்பார். சௌந்தரநாயகி கதவு நிலைக்கு வருவதை நிறுத்திவிட்டா. வெள்ளைச் சீலை உடுத்தா, நேரத்துக்குச் சாப்பிட்டா, ஆடிக்கு ஆடி திவசம் கொடுத்தா. அவவின் முகம் ஆறியிருந்தது. சனம், “பாவம், இப்பதான் மனிசி நித்திரை கொள்ளுது” என்றது.

நித்திரை போனது குருசுமுத்துவுக்கு.

தொண்ணூறில் இராணுவம் வந்து இறங்க, தீவை விட்டு ஓட வேண்டி வந்தது. நூதனசாலையைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு சௌந்தரநாயகி வந்தா. சுவர்ப் படங்கள் சுவரிலேயே நின்றன. குருசுமுத்து பிலிம் சுருளையும் கழற்றிய கண்ணாடியையும் விசுக்கோத்துத் தகரத்தில் போட்டுக் கட்டினார். “அரிசியை விட்டிட்டு ஆரும் பிலிமைத் தூக்குவினமோ!” என்று கத்தரீனா கத்தியபடி அரிசியைத் தான் தூக்கினாள். யாழ்ப்பாணப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இரண்டு குடும்பமும் ஒதுங்கின.

அடுத்த வருசம் பெரிய வெள்ளிக்கு முன்னம் குருசுமுத்து பாவசங்கீர்த்தனம் செய்தார். சுவாமியார், “எனக்குச் சொன்னது போதாது. அவவுக்குச் சொல்லு” என்றார். ஞாயிறு காலை, கிணற்றடியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த சௌந்தரநாயகியிடம் அந்தக் கண்ணாடியை நீட்டினார். எல்லாத்தையும் சொன்னார். குச்சி பற்றாததையும், விரல் பொத்தானில் இருந்ததையும்கூட.

அவ கண்ணாடியைக் கையில் வைத்துப் பார்த்தா.

“மங்கல் எண்டு சொன்னது நான்தானே.”

“கழட்டினது நான், அம்மா.”

“அந்தச் சுருள் இருக்கோ, அண்ணை?”

தகரத்தைக் கொண்டுவந்தார். கரண்ட் இல்லை, புரொஜெக்டரும் இல்லை. அவ சுருளை அவிழ்த்து வெயிலுக்கு நேரே நீட்டிப் பிடித்தா. கட்டம் கட்டமாக, வல்லிபுரத்தின் கதையைப் போலவே, சின்னச் சின்னச் சந்திரமௌலீசன்கள் குனிந்திருந்தார்கள். விரலால் ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு போய், ஒட்டுப் போட்ட இடத்தில் நிறுத்தினா.

“அப்ப, அவரா வந்து வாங்கேல்லை. விளக்குச் சூடு.”

“ஓம்.”

“அப்ப, அவர் செத்திட்டார் எண்டு எனக்கு ஆர் சொன்னது, அண்ணை?”

குருசுமுத்து பாரத்தை இறக்கி வைக்கத்தான் வந்தார். அதை அவவின் தலையில் வைத்துவிட்டது அப்போதுதான் விளங்கியது. மூன்று வருசம் அழுது ஆறியிருந்த மனம் அந்த ஒரு வார்த்தையில் திரும்பவும் படலையைத் திறந்துகொண்டு வழி பார்க்கப் போய்விட்டது.

அடுத்தநாள் விடிய அவவின் நெற்றியில் சின்னதாக ஒரு பொட்டு இருந்தது. பள்ளிக்கூடத்துப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு பேசினார்கள். “மூளை பிசகிப்போச்சு” என்றாள் ஒருத்தி. கத்தரீனா வாளியைக் கீழே வைத்துவிட்டு, “உன்ரை மனுசன் முற்றத்திலை இருக்கிறான். நீ கதைப்பாய்” என்றாள். அவளா இது என்று குருசுமுத்து பார்த்தார்.

பிறகு நாலு வருசம். தபால்காரனின் மணிக்கு அவ எழும்பிப் போவா. திவசம் கொடுக்கவில்லை.

தொண்ணூற்றைந்து ஐப்பசிக் கடைசியில், இராணுவம் நெருங்க, யாழ்ப்பாணத்தார் எல்லாரும் ஒரே நேரத்தில் வெளிக்கிட வேண்டி வந்தது. மழை. நாவற்குழிப் பாலம்வரைக்கும் தெரு முழுக்கச் சனம். பள்ளிக்கூட வாசல் தாண்டி நூறு யார் தூரம் வந்தபிறகு சௌந்தரநாயகி நின்றா.

“எங்கை போறம் எண்டு எழுதி வைக்கேல்லை, அண்ணை. அவர் வந்தா ஆரிட்டைக் கேப்பார்?”

கத்தரீனா அழத் தொடங்கிவிட்டாள். குருசுமுத்து சைக்கிளைத் திருப்பினார். எதிர்த்து வந்த சனத்துக்குள்ளால், தகரம் கரியரில் தட்டத் தட்ட, இரண்டுபேரும் திரும்பிப் போனார்கள். வகுப்பறை விறாந்தைச் சுவரில் எழுதச் சோக்குக் கிடைக்கவில்லை. அடுப்படியில் ஈரம் படாத கரித்துண்டு ஒன்றைத் தேடியெடுத்து அவர் நீட்டினார்.

“பெரிசா எழுதுங்கோ, அம்மா. அவருக்குக் கண்ணாடி போட்டாலும் தூரத்திலை தெரியாது.”

அவ எழுதி முடிக்கும்வரை, சாரல் அடிக்காமல் குருசுமுத்து குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.