ஷாஃப்டில் போடாமல் விட்ட வளைவு

மெஷின் பாகங்களுக்கு டிராயிங் போட்டுப் பிழைக்கும் சக பாவிகளே, நம் வேலையில் பாதியை நாம் எழுதுவதே இல்லை. கடைசல் பிடிக்கும் லேத்காரர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுகிறோம்.

பத்து மைக்ரான்

அளவு எவ்வளவு கூடக்குறைய இருக்கலாம் என்று எழுதுவதுதான் டாலரன்ஸ். யோசிக்கச் சோம்பல்பட்டு, எல்லாவற்றுக்கும் பத்து மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு, என்று போட்டுவிடுவது என் வழக்கம். ஒரு மூடியின் கைப்பிடிக்கும் அப்படியே போட்டேன், கல்லில் தேய்த்து வழவழப்பாக்கும் கிரைண்டிங் வேறு செய்யச் சொல்லி. துவாக்குடியில் லேத் பட்டறை வைத்திருக்கும் பரமேஸ்வரி, டிராயிங்கோடு நேரிலேயே வந்துவிட்டார்.

"பிடிக்கப்போறவன் கையையும் கிரைண்டிங் பண்ணி அனுப்புவீங்களா சார்?"

அடுத்த வாரம்

பாரம் தூக்கும் ஹாய்ஸ்டுக்கு ஒரு ஷாஃப்ட், அதாவது சுழலும் இரும்புத் தண்டு. தடிமன் குறையும் இடத்தில் மூலை கூராக இருந்தால் அங்கேதான் விரிசல் விடும். சின்னதாக ஒரு வளைவு கொடுக்க வேண்டும். நான் மறந்துவிட்டேன். பரமேஸ்வரி போன் பண்ணினார். திருத்துவதென்றால் படிவம் நிரப்பி மேலே அனுப்ப வேண்டும். அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தள்ளிவைத்தேன். அந்த வாரம் வரவே இல்லை. அவர் போனில் சொன்னது மட்டும் அப்படியே நினைவிருக்கிறது.

"இந்தத் தடவை நானே வளைச்சுடறேன் சார். ஆனா டிராயிங்கை மாத்திடுங்க, அடுத்த ஆர்டர் வேற யாருக்காவது போகும்."

நூல் பிசகாமல்

அடுத்த ஆர்டர் போனது, அரியமங்கலத்தில் வேறொரு பட்டறைக்கு. நாலே மாதத்தில் அங்கே செய்த ஷாஃப்ட் மூலையில் முறிந்து, தொங்கிக்கொண்டிருந்த இரும்புத் தகடு தங்கராசு என்ற தொழிலாளியின் வலது கையில் விழுந்தது. மூன்று விரல் போயிற்று. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பழியை இறக்கிவைக்க ஆள் தேடித்தான் அந்தப் பட்டறைக்கு ஓடினேன். உரிமையாளர் என் கையெழுத்துள்ள டிராயிங்கை மேஜையில் விரித்தார்.

"நீங்க போட்டபடி நூல் பிசகாம பண்ணியிருக்கேன், பாருங்க."

பக்கத்து ஷெட்

மறுநாள் காலை ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனேன். தங்கராசு திருவெள்ளறைக்காரர், கட்டுப் போட்ட கையை நெஞ்சின்மேல் வைத்துப் படுத்திருந்தார். வளைவு போட மறந்தது நான்தான் என்றேன். திட்டுவார் என்று நின்றேன். அவர் கேட்டது வேறு.

"அதே ஷாஃப்டு பக்கத்து ஷெட்டுலயும் ஓடுதுங்களே, நிறுத்தச் சொல்லிட்டீங்களா?"

சொல்லியிருக்கவில்லை, வராந்தாவுக்கு ஓடிப் போன் பண்ணி நிறுத்தினேன், அன்றே டிராயிங்கையும் திருத்தினேன், ஆக நம் ஆபீசில் ஒரு மூலையை வளைக்க அரை மணி நேரமும் ஒருவருடைய மூன்று விரலும் ஆகிறது.