அக்கா முறை

"மூச்ச நல்லா இழுங்க... புடிச்சுக்குங்க... ம், விடுங்க." நோயாளி சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போவதற்குள் எக்ஸ்ரே அக்கா மேஜைக்குத் திரும்பி, பாதியில் விட்ட கிறிஸ்துமஸ் கார்டைத் தொடர ஆரம்பித்துவிடுகிறார். டிசம்பர் முதல் வாரத்தில் நாற்பத்திரண்டு கார்டுகளையும் இப்படித்தான், ஒரு நெஞ்சுக்கும் ஒரு முழங்காலுக்கும் நடுவே எழுதி முடிக்கிறார்.

எல்லோருக்கும் ஒரே வாழ்த்தை எழுதித் தள்ளுகிற ஆள் இல்லை. ஓய்வு பெற்ற வாட்ச்மேனுக்கு, "குளிர்ல காத மூடிக்கிட்டு நடங்க" என்று போகும். "இதெல்லாம் போன்ல அனுப்பினா ஆகாதா அக்கா?" என்று நர்ஸ் கேட்டால், "போன்ல வர்றத எந்தக் கயித்துல தொங்க விடுவ?" என்பார். வருகிற கார்டுகள் எக்ஸ்ரே அறையில் சுவருக்குச் சுவர் கட்டிய நூலில் தொங்குகின்றன. அவற்றுக்குக் கீழே நின்றுதான் எல்லோரும் சட்டையைக் கழற்ற வேண்டும்.

அந்த நூலில் ஏறாத கார்டு ஒன்று உண்டு. படுக்கையில் விழுந்த அம்மாவை யார் வைத்துப் பார்ப்பது என்று அக்காவுக்கும் தம்பிக்கும் வாய்த் தகராறு முற்றி, பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்த வருடம் அது. டிசம்பரில் தம்பியிடமிருந்து வெறும் கையெழுத்தோடு ஒரு கார்டு வந்தது. அக்கா வீம்புக்கு அதே கார்டில் தன் கையெழுத்தையும் போட்டு, அடுத்த டிசம்பரில் திருப்பி அனுப்பினார். அதற்கடுத்த வருடம் அது மறுபடி வந்தது, இந்த முறை ஒரு வரியோடு: "பொண்ணு பாஸ்." பிறகு ஒரு வருடம் இவர், ஒரு வருடம் அவன். "எனக்கு சுகர்." "எனக்கு முட்டி வலி." பதினெட்டு வருட உறவு முழுவதும் அந்த ஒரே அட்டையில்தான் நடந்தது.

மூன்று டிசம்பருக்கு முன் அக்கா முறை வந்தது. என்ன தோன்றியதோ, "ஒரு தடவ வந்துட்டுப் போடா" என்று எழுதினார். அடுத்த வருடம் கார்டும் வரவில்லை, ஆளும் வரவில்லை. அதற்கடுத்த வருடமும் இல்லை. "வாய்விட்டுக் கூப்பிட்டும் வரல பாத்தியா" என்று நர்ஸிடம் பொருமினார். "அவனுக்கு அவ்ளோ வீம்புன்னா எனக்கும் அதே ரத்தம்தான்."

ஆறு மாதத்துக்கு முன் தம்பி இறந்துபோனான். துக்க வீட்டில் தம்பி மனைவி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "டிசம்பர் ஆனா வாசல விட்டு நகர மாட்டாரு அண்ணி. 'இது அக்கா முறை, அனுப்பாம இருக்காது'ன்னு மூணு வருஷமா பாத்தாரு." இந்த நேரத்திலும் பழியா என்று அக்காவுக்குக் கோபம்தான் வந்தது. நான்தான் அனுப்பினேனே என்று நினைத்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டார்.

போன மாதம் அலமாரியிலிருந்த பழைய ஃபிலிம்களைக் கழித்துக் கட்டினார்கள். யாரோ ஒருவருடைய இடுப்பு எலும்பு எக்ஸ்ரேயின் பழுப்பு உறைக்குள் அந்தக் கார்டு இருந்தது. மடங்கக் கூடாதே என்று அக்காதான் அன்று அந்த உறையில் வைத்திருந்தார். போகும்போது தபாலில் போடலாம் என்று மேஜை மேல் விட்டதை, மற்ற உறைகளோடு சேர்த்து யாரோ அலமாரியில் அடுக்கிவிட்டார்கள். மற்ற கார்டுகளோடு அதுவும் தபாலில் போய்விட்டது என்றே அக்கா இத்தனை நாள் நம்பியிருந்தார். அக்கா மடியில் கார்டை வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அன்று மதியம் வரை படம் எடுக்க வந்தவர்கள் வராந்தாவில் காத்திருந்தார்கள்.

இன்று நாற்பத்திரண்டும் முடிந்த பிறகு அதை எடுத்து உறையிலிட்டு, தம்பி பேரையும் விலாசத்தையும் எழுதினார். புதிதாக ஒரு வரியும் சேர்க்கவில்லை.

"இப்ப எதுக்கு அக்கா?" என்றாள் நர்ஸ், மெதுவாக.

"என் முறை இன்னும் முடியலல்ல."

கதிர் படாமல் இருக்க மாட்டுகிற கனத்த ஈய ஏப்ரனைக் கூடக் கழற்றாமல் வாசல் தபால் பெட்டிக்கு நடந்தார். கார்டைப் போட்டார். இரண்டடி திரும்பி நடந்தவர், மறுபடி பெட்டியிடம் வந்து, அதன் வாய்க்குள் மணிக்கட்டு வரை கையை விட்டு, அது உள்ளே விழுந்துவிட்டதா என்று துழாவிப் பார்த்தார்.