கத்திச்சண்டையும் மாமாவின் மலையாளமும்

கொட்டகையில் கத்திச்சண்டை நடந்தால் எங்கள் வீட்டு எருமை காதை விறைத்துக்கொண்டு நிற்கும். இட்டுக்கட்டிச் சொல்லவில்லை, வேண்டுமானால் அம்மாவைக் கேட்டுக்கொள்ளலாம். கம்பத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வாய்க்காலுக்கு அந்தப்புறம் டூரிங் கொட்டகை, இந்தப்புறம் எங்கள் வீடு, நடுவில் வயல்கள். ஆடிக் காற்று அடிக்கும் நாட்களில் படத்தின் பாட்டும் பேச்சும் பாதி வழியிலேயே தொலைந்துபோகும். வாளும் வாளும் மோதும் சத்தம் மட்டும் எப்படியோ நெற்பயிர்மேல் மிதந்து எங்கள் முற்றத்துக்கு வந்துவிடும். பொழுது சாயும் நேரத்தில் நான் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொள்வேன். மேற்கு மலையின் நீலம் கண்ணுக்குள்ளேயே இருக்கும். அந்த மலைமேல் ஒரு கோட்டையைக் கட்டி, யார் யாரை வெட்டுகிறார்கள் என்பதை நானே முடிவு செய்துகொள்வேன்.

எனக்கு எதிராளி பெரியப்பா மகன். அண்ணன் என்றுதான் கூப்பிட வேண்டும், என்னைவிட ஒரு வயதுதான் மூப்பு. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு மண்சுவர். அதில் மழைக்கு இடிந்த ஒரு வழி. அந்த வழியாகத்தான் தினமும் போர் தொடங்கும். தென்னை மட்டையைச் சீவிய கத்தி, சட்டி மூடிக் கேடயம், வாயால் 'ச்சிங் ச்சிங்'. அவன் ஆம்பளைப் பிள்ளை என்பதால் எப்போதும் கதாநாயகன். வில்லன் நான். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, ஏனென்றால் சாவதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. குத்துப்பட்டு, சுற்றி, தள்ளாடி, எருமையைப் பிடித்து நின்று, வசனம் பேசி, ஒரு வழியாக விழுவதற்குள் அண்ணனுக்குப் பொறுமை போய்விடும்.

அந்தப் போர் ஒருநாள் நின்றது. எங்கள் ஊரில் வாய்க்கால் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சுவார்கள். ஒரு வீட்டு முறை முடிந்தால் அடுத்த வீடு. அப்பா முறையன்று எங்கள் வயலுக்கு வந்த தண்ணீர் வரப்பில் ஓட்டை விழுந்து பெரியப்பா வயலுக்குள் போய்விட்டது. எங்கள் நாற்று காய்ந்தது. பெரியப்பாதான் வரப்பை வெட்டினார் என்றார் அப்பா. நண்டு வளை என்றார் பெரியப்பா. அந்த நண்டை யாரும் பார்க்கவில்லை. இருந்தாலும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இருவரும் அன்றோடு பேச்சை நிறுத்தினார்கள். சுவரில் இருந்த வழியை அப்பா முள் வைத்து அடைத்தார். வழியில் பார்த்தாலும் அந்த வீட்டுப் பிள்ளையிடம் பேசக்கூடாது என்று எனக்கு உத்தரவு. அந்தப் பக்கமும் அதே உத்தரவு போலிருக்கிறது. அண்ணன் என்னைக் கண்டால் வானத்தைப் பார்த்துக்கொண்டு போவான்.

கட்டம் போட்டுப் பாண்டி ஒற்றையாய் ஆடலாம். கத்திச்சண்டையை என்ன செய்வது? கொல்லையில் நின்ற ஆமணக்குச் செடிகளை வெட்டித் தீர்த்தேன். ஒன்றுகூடத் திருப்பி அடிக்கவில்லை. முள்ளுக்கு அந்தப் பக்கம் அவனும் எதையோ வெட்டிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்கும். அழுகை முட்டிக்கொண்டு வரும்.

அப்படியான நாளில்தான் மாமா மலையிலிருந்து இறங்கினார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. மலைப்பாதை மெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் வேலை. அவர் சட்டை எப்போதும் ஏலக்காய் மணக்கும். கத்திச்சண்டைப் படம் என்றால் உயிர். படம் பார்த்துவிட்டு வந்தால் எங்களுக்குச் சண்டையைத் தனியாக நடத்திக் காட்டுவார், கதையைப் பற்றிக் கவலைப்படமாட்டார். லீவு கிடைத்தால் நேரே எங்கள் வீட்டுக்குத்தான் வருவார். கெங்குவார்பட்டியில் அவரும் அம்மாவும் பிறந்த வீடு இருக்கிறது. அங்கே மட்டும் போகமாட்டார். ஏன் என்று கேட்டால் பஸ்ஸில் போனால் வாந்தி வருகிறது என்பார். மதுரை வரைக்கும் பஸ்ஸில் போய்ப் படம் பார்த்துவிட்டு வருகிறவர்தான்.

அடைத்த முள்ளை மாமா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

"என்ன மோளே, சண்டை நின்னு போச்சா?" என்று என்னைக் கேட்டார். மலையில் மலையாளத்துக்காரர்களோடு இருந்து இருந்து, மகளே என்பதை மோளே என்றுதான் கூப்பிடுவார்.

"எங்க சண்டை நின்னு போச்சு மாமா. அவுக சண்டைதான் நடக்குது" என்றேன்.

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

அந்த வாரம் கொட்டகைக்கு ஒரு மலையாளப் படம் வந்திருந்தது. மலை ஏறி இறங்கினால் கேரளம் என்பதால் எப்போதாவது இப்படி ஒன்று வரும். சுவரொட்டியில் இரண்டு பேர் வாளும் கேடயமுமாக அந்தரத்தில் பறந்துகொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பகல் ஆட்டத்துக்கு எங்களைக் கூட்டிப் போவதாக மாமா சொன்னார். அம்மா வரவில்லை. அப்பா வருவதற்கு ஒரு நிபந்தனை வைத்தார்.

"அந்த வீட்டு ஆளுக வாராகளா?"

"பெரிய மச்சான் வரமாட்டாக. கேட்டுட்டுத்தேன் வந்தேன்" என்றார் மாமா.

உள்ளே போனால் முன் பெஞ்சில் பெரியப்பா. பக்கத்தில் அண்ணன். அப்பா அப்படியே திரும்பினார். அதற்குள் கதவைச் சாத்திப் படத்தைப் போட்டுவிட்டார்கள். "நின்னா பின்னாடி உள்ளவுக வைவாக மச்சான், சும்மா உக்காருங்க" என்று மாமா அப்பாவின் வேட்டியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

பகல் ஆட்டத்தை நினைத்தால் இப்போதும் எனக்குக் கண் சொக்கும். கூரையின் பொத்தல்கள் வழியாக வெயில் விழுந்து எல்லோர் முதுகிலும் வட்டம் வட்டமாக நிற்கும். காற்று கூரையைத் தூக்கினால் வட்டங்கள் எல்லாம் ஒன்றாக அசையும். பெரியப்பாவின் முதுகில் ஒரு வட்டம், அண்ணன் பிடரியில் ஒரு வட்டம். தலைக்கு மேலே புகையும் தூசியும் கலந்த வெளிச்சப் பாதையில் யாரோ குதிரையில் போய்க்கொண்டே இருந்தார்கள். அது திரையில் நடக்கிறதா என் தலைக்கு மேலே நடக்கிறதா என்பது எனக்குப் பெரிய விஷயமாக இல்லை.

பேச்சுதான் ஒன்றும் விளங்கவில்லை. மாமா எனக்குச் சொல்வதுபோல எல்லோருக்கும் கேட்கிற குரலில் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். ஒரே வீட்டில் பிறந்த அண்ணன் தம்பி. இரண்டு பேரும் வாள் எடுத்தால் ஊரே கிடுகிடுக்கும். ஊரில் இரண்டு பெரிய மனிதர்களுக்குள் வழக்கு வருகிறது. அந்தக் காலத்து வழக்கப்படி ஆளுக்கொரு வீரனைக் கொண்டுவந்து சண்டைக்கு விட வேண்டும், ஜெயித்தவன் பக்கம் நியாயம். ஒருவர் அண்ணனைப் பிடிக்கிறார், மற்றவர் தம்பியைப் பிடிக்கிறார். "யாரோ ரெண்டு பேரு வீம்புக்கு, கூடப் பொறந்தவுக வெட்டிக்கிறாக பாத்தியா மோளே" என்றார் மாமா. எங்கள் பெஞ்சு, முன் பெஞ்சு, தரை டிக்கெட் எல்லாம் மாமாவின் வாயையே நம்பி உட்கார்ந்திருந்தது. கதாநாயகி குளத்தில் நின்று உருகி உருகிப் பாடியதை மட்டும் "மாங்கா கேக்குது" என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிட்டார்.

கடைசிச் சண்டை வந்தது. அடடா, அது சண்டை! இரண்டு பேரும் தரையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, பூனைபோலப் பதுங்கி எழுந்தார்கள். கேடயத்துக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. வாள் வளைந்தது, சுழன்றது, மோதிய இடத்தில் பொறி பறந்தது. அந்தச் சத்தத்தில் எங்கள் எருமை காதை விறைத்து நிற்கும் என்று நினைத்துக்கொண்டேன். முன்னால் அண்ணன் பெஞ்சில் முழங்கால் போட்டு நின்றான். எங்கள் இரண்டு பேர் கையும் ஒரே பக்கமாக அசைந்துகொண்டிருந்ததை நான் மட்டும்தான் பார்த்தேன்.

தம்பி விழுந்தான். அண்ணன்காரன் வாளை எறிந்துவிட்டு ஓடிப்போய், இரண்டு கையிலும் தண்ணீர் அள்ளிக்கொண்டு வந்து அவன் வாயருகே பிடித்தான். தம்பி ஏதேதோ பேசினான், நீளமாகப் பேசினான். மாமாவைக் காணோம் என்பதுபோல ஒரு அமைதி. பிறகு மெதுவாக ஆரம்பித்தார்.

"அண்ணே, நீ வெட்டுனது எனக்கு வலிக்கலண்ணே. இத்தன நாளா ஒரு வார்த்த பேசாம இருந்தியே, அதுதேன் வலிச்சுச்சுன்றான்."

திரையில் தம்பி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். கைத்தண்ணீர் எல்லாம் மண்ணில் வடிந்தது.

"ஏன் மாமா தண்ணி குடிக்கமாட்டேன்றாரு?" என்று கேட்டேன்.

"தண்ணி..." என்று ஆரம்பித்த மாமாவின் குரல் அறுந்துபோயிற்று. "தண்ணி மொதல்ல அண்ணனுக்குத்தேன்றான். அண்ணன் குடிச்ச பெறகுதேன் நான் குடிப்பேன்றான்."

பஸ் நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருந்த மலையாளத்துச் சேட்டன் எங்களுக்கு இரண்டு பெஞ்சு முன்னால் இருந்தார். அவர் சட்டென்று திரும்பி மாமாவைப் பார்த்தார். ஏதோ சொல்லப்போகிறவர்போல வாயைத் திறந்தார். மாமாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரைப்பக்கம் திரும்பிக்கொண்டார். அப்பா குனிந்து வேட்டி நுனியால் கண்ணில் தூசியைத் துடைத்தார். பெரியப்பாவின் முதுகில் இருந்த வெயில் வட்டம் குலுங்கியது. அந்த நேரம் காற்று அடங்கித்தான் இருந்தது.

வெளியே வந்ததும் பெரியப்பா அப்பாவைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். "ஏ பிள்ள, காத்துக் கெதியா அடிக்குது, இதக் காதுல கட்டிக்க ஆத்தா" என்று தன் துண்டைக் கொடுத்தார். அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை. வீடு வரும் வரைக்கும் நான் அந்தத் துண்டோடுதான் வந்தேன்.

அடுத்த முறைத் தண்ணீர் எங்களுடையது. அன்று காலையில் முள்ளை விலக்கிக்கொண்டு அண்ணன் வந்து நின்றான். கையில் தென்னை மட்டை. "தண்ணிய மொதல்ல நீங்களே நெறையப் பாச்சிக்கிருவீகளாம், பெறகு எங்களுக்கு விட்டாப் போதுமாம். அப்பா சொன்னாக" என்றான். அப்பாவுக்கு முகம் கோணிக்கொண்டு வந்தது. "அதெப்படி? அண்ணனுக்குத்தேன் மொதல்ல. போய்ச் சொல்லு" என்றார். அவன் போனான், வந்தான். மறுபடியும் போனான். நீங்கள் முதல், நீ முதல் என்று இரண்டு பேரும் மடையைத் திறக்காமல் உபசாரம் செய்துகொண்டிருந்ததில், தண்ணீர் முழுக்கக் கீழ்க்காட்டுக்காரர் வயலுக்குப் போய்ச் சேர்ந்தது. அதைப் பார்க்கப் போன இடத்தில்தான் இருவரும் ஒன்றாக நின்று சிரித்தார்களாம்.

எனக்கு எதிராளி கிடைத்துவிட்டான். அதன் பிறகு நான் எத்தனை முறை செத்தேன் என்பதற்குக் கணக்கில்லை. அண்ணன் சிரட்டையில் தண்ணீர் கொண்டுவருவான், நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "மொதல்ல அண்ணனுக்கு" என்பேன். கத்திச்சண்டைப் படத்துக்கு அப்படி ஒரு சக்தி இருக்கிறது என்று ரொம்ப நாள் நம்பினேன்.

கல்யாணமாகி மலைக்கு அந்தப்புறம் குடிபோன பிறகு மலையாளம் எனக்கு வீட்டுப் பேச்சாகிவிட்டது. ஒரு மத்தியானம் டி.வி.யில் அந்தப் படத்தைப் போட்டார்கள். வெயில் வட்டங்களை நினைத்துக்கொண்டே உட்கார்ந்தேன். கடைசிச் சண்டை அப்படியே இருந்தது. தம்பி விழுந்தான், அண்ணன் தண்ணீர் கொண்டுவந்தான். தம்பி பேசினான். உன் கைத் தண்ணீர் எனக்கு விஷம், உன் வம்சம் தண்ணீருக்குத் தவித்து அழியட்டும் என்று சபித்துவிட்டு முகத்தைத் திருப்பினான். அவ்வளவுதான். நான் எழுந்து அடுக்களைக்குப் போனேன், எதற்குப் போனேன் என்று தெரியாமல் திரும்பி வந்தேன்.

அப்போது மாமா உயிரோடு இல்லை. அம்மாவிடம் போய்ச் சொன்னேன். மாமா எப்பேர்ப்பட்ட பொய்யைச் சொல்லியிருக்கிறார் பார் என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை.

"எங்க பெரியண்ணனோட கோவிச்சுக்கிட்டுத்தேன் அவன் மலைக்கே போனது. அண்ணன் கடைசியாக் கெடந்தப்ப எல்லாரும் ஒரு வாய்த் தண்ணி ஊத்துனோம். அவன் வந்து சேந்தப்ப எல்லாம் முடிஞ்சு போச்சு ஆத்தா. அதுக்குப் பெறகு அந்த வீட்டு நடையில அவன் கால் வைக்கல" என்றாள்.

கொட்டகையில் அன்று மாமாவின் குரல் அறுந்த இடத்தில், பக்கத்தில் உட்கார்ந்து அவர் முகத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தவள் நான்தான். அவர் கன்னம் நனைந்திருந்தது. மாமா சாகிற தம்பியாகவே மாறி என்னமாய் நடிக்கிறார் என்று பூரித்துப்போய், இரண்டு கையாலும் படபடவென்று தட்டினேன்.