மாருள்ள மாப்பிள்ளை

எனக்கு மார் உண்டு. ஆண்பிள்ளைக்குத் தட்டையாக இருக்குமே, அது இல்லை. சட்டையை முன்னே தள்ளிக்கொண்டு நிற்கிற மார். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துக்கொள்ளலாம், நான் காத்திருக்கிறேன். கொழிஞ்சாம்பாறையில் இதைவிடப் பெரிய சிரிப்பையெல்லாம் கேட்டு வளர்ந்தவன் நான்.

பதினாலு வயசில் ஆரம்பித்தது. முதலில் இரண்டு காம்புக்கடியிலும் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி, தொட்டால் உயிர் போகும். ஆறு மாதத்தில் வலி போயிற்று, வீக்கம் போகவில்லை. நாங்கள் கடலையும் சோளமும் போடுகிற குடும்பம். விடிந்ததும் எருதுகளைப் பூட்டிக் கிணற்றிலிருந்து கவலை என்கிற தோல்பையில் தண்ணீர் இறைப்பது என் வேலை. எருதோடு சரிவில் இறங்குவதும் ஏறுவதுமாக வெயில் ஏறும் வரைக்கும் நடக்க வேண்டும். இடுப்புத் துணியைத் தவிர யாரும் எதுவும் உடுத்துவதில்லை. பக்கத்துத் தோட்டத்துப் பையன்கள் பார்த்தார்கள். அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் என் பெயர் அம்முணி ஆகிவிட்டது. எங்கள் பக்கம் சின்னப் பெண்களைச் செல்லமாகக் கூப்பிடுகிற பெயர் அது.

என் தாய்மாமன் வந்து பார்த்தார். வைத்தியம் படித்தவர் இல்லை, ஆனால் எதையும் தெரியாது என்று சொல்லிப் பழக்கம் இல்லாதவர். இது எருமைப்பால் செய்கிற வேலை, குடித்த பால் மாரில் தங்கிவிட்டது, நிறுத்தினால் வற்றிப்போகும் என்றார். அம்மா நம்பினாள். வீட்டில் இரண்டு எருமைகள் கறந்துகொண்டிருந்தன. பால், தயிர், மோர், நெய் எதுவும் எனக்குக் கிடையாது. ஒரு மாதம், இரண்டு மாதம் இல்லை, ஏழு வருஷம். எல்லோருக்கும் மோர் ஊற்றிக்கொண்டு வந்து என் தட்டுக்கு நேரே வந்ததும் அம்மா சொம்பைத் திருப்பிக்கொள்வாள். அந்த நேரத்தில் என் முகத்தைப் பார்க்க மாட்டாள். நான் விலா எலும்பு தெரிய இளைத்தேன். மார் மட்டும் இளைக்கவில்லை. சுற்றிலும் வற்றியதால் இன்னும் எடுப்பாகத் தெரிந்தது. என்ன வைத்தியம், அடடா!

பழைய வேட்டியைக் கிழித்து மாரை இறுக்கிக் கட்டி, மேலே சட்டை போட்டுக்கொண்டேன். அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் சட்டை போட்டவர் என்றால் வரி கேட்டு வருகிற பார்வத்தியக்காரர் ஒருவர்தான். கவலை ஓட்டுகிறவனுக்குச் சட்டை எதற்கு என்று வழியில் போகிறவனெல்லாம் கேட்டான். வெயிலில் துணிக்கடியில் வியர்த்து, தோல் வெந்து புண்ணாயிற்று. ஆண்கள் வெற்று மாரோடுதான் நுழைய வேண்டும் என்கிற கோவில்களை வெளியே நின்றே கும்பிட்டேன். சாமியும் ஏழு வருஷம் என்னைப் பார்க்கவில்லை.

இருபத்தொரு வயசில் எனக்கு வடகரப்பதியில் பெண் பேசி முடித்தார்கள். நிச்சயத்தன்று அவளைப் பார்த்தேன். பிடித்துவிட்டது, பொய் சொல்வானேன். அதன் பிறகுதான் பயம் வந்தது. கடலை மூட்டையோடு கோயம்புத்தூர் போன ஒரு நாள், யாரிடமும் சொல்லாமல் ஒரு டாக்டர் வீட்டுப் படியேறினேன்.

அவர் என்னை முழுசாகப் பரிசோதித்தார். ஆண் உடம்பு, பெண் உடம்பு எதுவானாலும் இரண்டு வகைச் சுரப்பும் அதில் உண்டு, மீசை முளைக்கிற வயசில் அளவு முன்பின்னாகும், எத்தனையோ பையன்களுக்கு இப்படி வீங்கி வடிந்துவிடும், சிலருக்கு வடியாமல் நின்றுவிடும், உனக்கு நின்றுவிட்டது, இது சீக்கு இல்லை என்றார். ஹார்மோன் என்ற பெயரெல்லாம் நான் பிற்காலத்தில் கேள்விப்பட்டது. கல்யாணம் பண்ணலாமா என்று கேட்டேன். தாராளமாகப் பண்ணு, பிள்ளை பிறக்கும் என்றார். எருமைப்பால் சங்கதியையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"பாலுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லைப்பா. போய் வயிறாரச் சாப்பிடு."

வெளியே வந்து முதல் கடையில் இரண்டு டம்ளர் பால் வாங்கிக் குடித்தேன். அழுகை வரும் என்று நினைத்தேன், கோபம்தான் வந்தது. வீட்டில் வந்து சொன்னேன். டாக்டருக்கு என்ன தெரியும், கல்யாணம் முடிகிற வரைக்கும் பத்தியத்தை விடக் கூடாது என்றார் மாமன். அம்மா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

மாமனுக்கு வேறு கவலை. எங்கள் வழக்கப்படி கல்யாணத்தன்று பந்தலில் எல்லோர் முன்னாலும் மாப்பிள்ளையை வெற்று மாரோடு உட்கார வைத்து நாவிதர் முகம் வழித்துவிடுவார். நாலு பேர் வேட்டியைத் திரைபோலப் பிடித்துக்கொள்ளட்டும், முடிந்ததும் பட்டுத்துணியைப் போர்த்திவிடலாம் என்று ஏற்பாடு செய்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. பிற்பாடு அந்தப் பெண் பார்ப்பாளே என்றேன்.

"ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணுன்னு சொல்லியிருக்குது. இது ஒரே பொய்தான்டா. தாலி ஏறுனதுக்கப்பறம் அவ எங்க போயிருவா?"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவள் எங்கே போவாள் என்கிற அந்த ஒரு பேச்சுக்காகவே மறுநாள் காலையில் வடகரப்பதிக்கு நடந்தேன். வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டால் சேதி ஊரூராகப் பரவும், அப்புறம் எனக்கு யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள். அது தெரிந்துதான் நடந்தேன்.

அவளும் அவள் அப்பாவும் காட்டில் கடலைச்செடி பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். வரப்பில் நின்று சட்டையைக் கழற்றினேன். கட்டியிருந்த துணியையும் சுற்றிச் சுற்றி அவிழ்த்தேன். அது அவிழ்ந்து முடிய ஒரு யுகம் ஆயிற்று.

"ஏனுங்க மாமா, இதுதானுங்க நானு. சீக்கில்லீங்கறாரு டாக்டரு. ஆனா இது போவாதுங்க. தெரிஞ்சு குடுக்கறதுன்னாப் பொண்ணக் குடுங்க. இல்லீன்னா வேண்டாமுங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் எழுந்து, கையிலிருந்த செடியில் மண்ணை உதறினாள். என் மாரைப் பார்த்தாள், அதற்குக் கீழே சிவந்து கிடந்த வடுவைப் பார்த்தாள், கையில் சுருட்டி வைத்திருந்த துணியையும் பார்த்தாள்.

"இதையக் கட்டீட்டா வெயில் நேரத்துல வேகாதுங்களா?"

வேகும் என்றேன்.

"அப்பறம் எதுக்குங்க கட்டறீங்க? இனிக் கட்டாதீங்க."

சொல்லிவிட்டு மறுபடியும் குனிந்து செடி பிடுங்கத் தொடங்கினாள். அவள் அப்பா என்னைப் பார்த்து, வெயில் ஏறுகிறது, ஊட்டுக்குப் போய்த் தண்ணி குடிங்க மாப்ளே என்றார். மாப்பிள்ளை என்று அவர் சொன்னது போதும் எனக்கு.

கல்யாணத்தன்று நாவிதர் முன்னால் உட்கார்ந்ததும் மாமன் ஆட்கள் திரையோடு வந்தார்கள். வேட்டியை எட்டிப் பிடித்து இழுத்துக் கீழே போட்டேன். மாமன் என் தோளைப் பிடித்து அழுத்தினார். அந்தக் கையையும் எடுத்துவிட்டேன். பந்தல் அடங்கியது. பின்வரிசையிலிருந்து யாரோ அம்முணி என்றான். எழுந்து அந்தப் பக்கம் திரும்பி நின்றேன். பார்க்கிறவன் பார்த்து முடிக்கட்டும் என்று நின்றேன். ஏழு வருஷம் குனிந்தே நடந்த முதுகு அன்றைக்குத்தான் நிமிர்ந்தது. அப்புறம் உட்கார்ந்தேன். நாவிதர் ஒன்றும் நடக்காதது போல என் தாடையை நிமிர்த்திக் கத்தியை வைத்தார்.

தாலி கட்டியானதும் பாலும் பழமும் கொடுப்பார்கள். பால் சொம்போடு வந்தவள் என் அம்மா. என் முன்னால் வந்ததும் அவள் கை பழக்கத்தில் ஒரு பக்கமாகத் திரும்பியது. அவளே அதைப் பார்த்துவிட்டாள். பால் அவள் விரலில் வழிந்தது. ஏழு வருஷத்தில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துச் சொம்பை நீட்டினாள்.

"குடி கண்ணு."

மூச்சு விடாமல் குடித்தேன். வெறுஞ்சொம்பை, பந்தல் முழுக்கத் தெரிகிற மாதிரி, திரும்ப நீட்டினேன்.

"இன்னொரு சொம்பு கொண்டாம்மா."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.