ஒலிபெருக்கியில் நான் சொல்லச் சொன்னது

தகப்பனுக்கும் மகனுக்கும் சண்டை தொடங்கி இரண்டு வருஷம் இருக்கும். என் கணவர் பெயர்போன நாதஸ்வர வித்துவான். மகனோ கிட்டார் வாசித்து, தானே கட்டிய பாட்டுகளைப் பாடுவான். சாவகச்சேரியில் அவனுடைய முதல் கச்சேரி. "ஐயாவின்ரை பேரை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ அம்மா" என்று கெஞ்சியிருந்தான்.

மண்டபத்தில் பத்துப் பேர்கூட இல்லை. மனம் கேட்காமல் அறிவிப்பாளரிடம் போய், இன்னாருடைய மகன் என்று ஒலிபெருக்கியில் சொல்லச் சொன்னேன். பக்கத்துச் சந்தைச் சனம் அள்ளுப்பட்டு வந்தது.

தகப்பனின் நாதஸ்வரத்தை எதிர்பார்த்து வந்தவர்கள் கிட்டாரைக் கண்டதும், "கொப்பற்றை நாயனம் எங்கையடா?" என்று கூவினார்கள். ஒருவன் தான் உட்கார்ந்திருந்த கதிரையைத் தூக்கி எறிய, அது மகனின் நெற்றியைப் பிளந்தது. அறிவிப்பைச் சந்தையில் நின்று கேட்ட என் கணவரும் ஓடிவந்து மேடையேறினார். கிட்டாரைப் பறித்து அதாலேயே அவனை அடித்தார்.

"என்ரை பேரை வித்தோடா சனம் சேர்க்கிறாய்? ஆர் சொல்லச் சொன்னது?"

மகன் என்னைப் பார்த்தான். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

"நான்தான் ஐயா" என்றான். கிட்டார் சிதறும்வரை அடி விழுந்தது.

இன்று அவன் வெளிநாட்டில் தன் பெயரிலேயே பாடுகிறான். அதிகம் பேசாத என்னை ஊரில் கூச்சக்காரி என்பார்கள். அடுத்த அடி எனக்கு விழும் என்ற பயத்தில்தான் அன்று பேசாமல் நின்றேன் என்பதை, அவனிடம்கூட இதுவரை சொன்னதில்லை.