அம்மாவின் எட்டு நாள்

எங்கள் அம்மா மெஹ்ராஜ் பேகம் வருஷத்தில் எட்டு நாள் காணாமல் போவாள். காணாமல் போவாள் என்பது அண்ணன் நவுஷாத்தின் பேச்சு. அவளைக் கேட்டால் "போய்ட்டு வரேன்" என்பாள், அவ்வளவுதான்.

கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் எங்களுக்கு ஒரு ஃபேன்சி ஸ்டோர். லேஸ், ரிப்பன், ஜாக்கெட் கொக்கி, நூல்கண்டு. சரக்கெடுக்க மெட்ராஸ் போவதாகச் சொல்லித்தான் கிளம்புவாள். சரக்கெடுக்க அரை நாள் போதும். மிச்ச நேரமெல்லாம் ஏதாவது ஒரு டவுன் பஸ்ஸில் ஏறி, கடைசி ஸ்டாப்பில் இறங்கி, வழி கேட்டுக் கேட்டு நடந்தே திரும்புவாள். ராத்திரி படுக்க மட்டும் திருவல்லிக்கேணியில் தூரத்துச் சொந்தம் ஒருத்தி வீடு.

மூட்டையை லாரியில் போட்டுவிட்டு ஊர் வந்து சேருவாள். வந்தும் வீட்டுக்கு வரமாட்டாள். பஸ் ஸ்டாண்டிலேயே கச்சிராயபாளையம் பஸ் மாறிவிடுவாள். அங்கிருந்து கல்வராயன் மலை. வெள்ளிமலை வரைக்கும் இரண்டு நாள் நடை, மேலே மூன்று நாள் தங்கல். தங்குவது செல்லியம்மாள் வீட்டில். அவள் சந்தைக்குப் புளி கொண்டுவந்து விற்கிற மலைக்காரப் பெண். எங்கள் கடைக்கு ரிப்பன் வாங்க வந்து பழக்கமானவள். அந்த மூன்று நாளும் அம்மா யாரோடும் பேசமாட்டாள். தொழுவாள், சாமைச் சோறு தின்பாள், பாறைமேல் உட்கார்ந்திருப்பாள். பிறகு மலைப் பஸ் பிடித்து இறங்கி வருவாள்.

"அங்க இன்னா பண்ணுவ?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஒண்ணும் பண்ணமாட்டேன். அதுக்குத்தான போறேன்" என்றாள்.

இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று அவளே சொல்லியிருக்கிறாள். எண்பத்திரண்டில் அத்தா சாதுல்லா மாரடைப்பில் போய்விட்டார். அம்மா இத்தா இருந்தாள். புருஷன் செத்தால் நாலு மாதம் பத்து நாள் வெளியே வராமல், அந்நிய ஆண்களைப் பார்க்காமல் இருக்க வேண்டும், அதுதான் இத்தா. பின்கட்டு அறையில் இருந்தாள். சோறு உள்ளே போகும், தட்டு வெளியே வரும். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாக அவளை யாரும் டீ கேட்கவில்லை, சாவி கேட்கவில்லை. இத்தா முடிந்த அன்று சொந்தக்காரப் பெண்கள் புதுப் புடவையோடு வந்து அழைத்தபோது தேம்பித் தேம்பி அழுதாள். எல்லாருக்கும் மனசு கலங்கிப் போனது.

"நாலு மாசம் உங்க அத்தாவுக்காக அழுதேன். அன்னிக்கி அழுதது எனக்காக. முடிஞ்சிபோச்சேனு அழுதேன்" என்றாள் என்னிடம். எனக்கு அப்போது பதினாறு வயசு. கேட்டதும் அவள்மேல் ஆத்திரம்தான் வந்தது. இப்படிக்கூட ஒருத்தி நினைப்பாளா என்றிருந்தது.

அடுத்த வருஷமே கிளம்பிவிட்டாள். அண்ணன் குதித்தான். ஜமாஅத்துப் பெரியவர் ஒருவர் வீடு தேடி வந்து, "ஒரு பொம்பள தனியா போறது நல்லாவா கீது?" என்று கேட்டார். "நல்லாத்தான் கீதுங்க" என்று அம்மா அவருக்கு டீ கொடுத்து அனுப்பினாள். மாமாக்கள், சித்திகள், பக்கத்துக் கடைக்காரர்கள் என்று சொல்லாதவர்கள் பாக்கியில்லை. யார் சொல்லும் அவளிடம் செல்லுபடியாகவில்லை.

எண்பத்தேழு செப்டம்பரில் எனக்கு ஒரு சம்பந்தம் கூடிவந்தது. மாப்பிள்ளைக்குத் திருக்கோவிலூரில் ஜவுளிக்கடை. இருபதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை பேசி முடிப்பதாக ஏற்பாடு. அதற்கடுத்த வாரம் சஃபர் மாதம் பிறக்கிறது. சஃபர் பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் நல்ல காரியம் பேசமாட்டார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின சனிக்கிழமையோடு அம்மாவின் எட்டு நாள் முடிகிறது. "ஒரு ரெண்டு நாள் கொறச்சிக்கோயேன்" என்று கெஞ்சினேன். "சனிக்கிழமை பொழுதோட வந்துடுவேன்" என்று கிளம்பிப் போனாள்.

வியாழக்கிழமை இட ஒதுக்கீட்டுப் போராட்டம் தொடங்கியது. ஒரு வாரம் சாலை மறியல். ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை, பேப்பர்கூட வரவில்லை. மலைமேல் இருந்த அம்மாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? சனிக்கிழமை காலையில் பஸ்ஸுக்குக் காத்திருந்து, அது வராதபோதுதான் விஷயமே தெரிந்திருக்கிறது. உடனே நடக்கத் தொடங்கிவிட்டாள்.

மாப்பிள்ளை வீட்டாரும் வரமாட்டார்கள் என்றுதான் இருந்தோம். வந்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமனும் இன்னும் இரண்டு பேரும் விழுந்த மரங்களைத் தாண்டச் சைக்கிளைத் தோளில் தூக்கித் தூக்கி, சொன்ன சொல்லைக் காப்பாற்ற வந்து நின்றார்கள். வேர்வையில் சட்டை நனைந்திருந்தது. சாப்பிட்டு முடித்துத் தாய்மாமன் கேட்டார்.

"பொண்ணோட அம்மா எங்க, காணமே?"

"வெள்ளிமலைல கீறாங்க" என்றான் அண்ணன்.

"அங்க யாரு, சொந்தமா?"

"இல்லீங்க."

"அப்ப இன்னாத்துக்கு?"

அந்த வாரம் ஜில்லாவே ஆங்காங்கே மாட்டிக்கொண்டு கிடந்தது. வியாபாரமாகப் போனவர் மறியலில் மாட்டிக்கொண்டார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் யாரும் மறு கேள்வி கேட்டிருக்கமாட்டார்கள். வாழ்க்கையில் எத்தனையோ பொய் சொன்ன எங்கள் அண்ணன் அன்றைக்கென்று பார்த்து உண்மையைச் சொன்னான்.

"சும்மாதாங்க. வருஷா வருஷம் போவாங்க."

 தாய்மாமன் மத்தியான லுஹர் தொழுதுவிட்டு, "சஃபர் கழிச்சிப் பாக்கலாங்க" என்று சைக்கிள் ஏறினார். அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும்.

சாயங்காலம் அசர் பாங்கு சொல்லும்போது அம்மா வந்தாள். கால் இரண்டும் வீங்கியிருந்தன. செருப்பு கையில் இருந்தது. அண்ணன் கத்தித் தீர்த்தான். அப்புறம் நான் சொன்னேன்: "இனிமே நீ எங்கயும் போவக்கூடாது."

என்னைப் பார்த்தாள். "சரி" என்றாள்.

ஊரே சொல்லிக் கேட்காதவள் அதோடு நிறுத்திவிட்டாள். சரக்கெடுக்க அண்ணன் போனான். அம்மா கடையில் உட்கார்ந்து லேஸ் அளந்தாள். அந்தச் சம்பந்தம் சஃபர் கழிந்தும் வரவில்லை. மறு வருஷம் என்னை மூங்கில்துறைப்பட்டில் மளிகைக்கடை வைத்திருக்கும் ஆசாத்துக்குக் கொடுத்தார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், ஜவுளிக்கடைக்காரரைவிட நூறு மடங்கு மேல். கரும்பு ஆலைக்குப் போகிற டிராக்டர் சத்தத்தில் குடும்பம் நடத்தினேன். வீட்டில் பதினோரு பேர். ஒரு நாளில் என் பெயர் எத்தனை முறை கூப்பிடப்படும் என்று எனக்கே கணக்குத் தெரியாது. அம்மாவிடம் நான் சொன்ன சொல் எனக்குச் சுத்தமாக மறந்துபோயிருந்தது.

தொண்ணூற்றொன்று கடைசியில் இரண்டாவது பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தேன். பிள்ளை பிறந்தபின் தினமும் மத்தியானம் அம்மா இரண்டு பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு கடைக்குப் போய்விடுவாள். குழந்தை பாலுக்கு அழும் வரை கொண்டுவரமாட்டாள். போகும்போது, "யாரும் வரமாட்டாங்க. தூங்கணும்னு இல்ல, சும்மாவே இரு" என்பாள். முதல் இரண்டு நாள் என்ன செய்வதென்றே தெரியவில்லை. ஒரு வாரம் கழித்து அந்த நேரம் எப்போது வரும் என்று காலையிலிருந்தே காத்திருந்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது. அன்று அவள் கடையிலிருந்து வந்ததும் சொன்னேன்.

"அம்மா, நீ மலைக்குப் போய்ட்டு வா."

குழந்தையை என் மடியில் போட்டாள். "நாலு வருஷமா நீ சொல்லுவனு பாத்துக்கினே இருந்தேன்" என்றாள்.

"நீயா போவறதுதான? யாரு சொன்னாலும் கேக்காதவளாச்சே!"

"மத்தவங்களுக்கு என்னால ஒரு நஷ்டமும் இல்ல, வாய் இருந்துச்சு, பேசினாங்க. உனக்கு ஒரு கல்யாணம் நின்னுபோச்சே. ரெண்டு நாள் கொறச்சிக்கோன்னு நீ கேட்டும் நான் கொறச்சிக்கல. அப்பறம் நான் எந்த மூஞ்சிய வச்சிக்கினு போவேன்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு நல்ல புருஷன் கிடைத்து, சிரித்துச் சாப்பிட்டு, இரண்டு பிள்ளை பெற்று, இத்தனைக்கு நடுவில் "போய்ட்டு வா" என்ற ஒரு சொல் என் வாயில் வரவில்லை. வருஷம் எட்டு நாளாக, நாலு வருஷத்துக்கு முப்பத்திரண்டு நாள். அவளிடமிருந்து அதை எடுத்தது ஜமாஅத்து இல்லை, அண்ணன் இல்லை, நான்.

"இந்த வாட்டி முப்பத்திரண்டு நாள் ஜாஸ்தியா இருந்துட்டு வாம்மா" என்றேன்.

அம்மா சிரித்தாள். "அவ்ளோ நாள் இருந்தா அதுவும் வூடு ஆயிடும்டி."

என் பிரசவ நாற்பது நாள் முடியும்வரைகூட அவளை நான் இருக்கவிடவில்லை. மறுநாள் காலை டீ குடித்துவிட்டுக் கிளம்பினாள். பஸ் ஸ்டாண்டு வரை அண்ணனைத் துணைக்கு அனுப்பட்டுமா என்று கேட்டேன். "எதுக்கு?" என்று கேட்டுவிட்டுத் தெருவில் இறங்கினாள்.