கிழங்குக் கொட்டகையில் பேய் வாசித்தவள்

குச்சிக்கிழங்குத் தோல் சீவுகிற வேலைக்குக் கையும் கத்தியும் போதும். காது சும்மாதான் கிடக்கும்.

அந்தச் சும்மா கிடந்த காதுகளுக்குத் தீனி போடுவதுதான் எழுபதுகளின் கடைசியில் நான் பார்த்த உத்தியோகம். நாமகிரிப்பேட்டைக்கு வெளியே ஒரு சேகோ மில். மரவள்ளிக் கிழங்கை அரைத்துப் பாலெடுத்து ஜவ்வரிசியாக்குகிற இடம். ஓலைக் கொட்டகைக்குள் ஆள் உயரத்துக்குக் கிழங்கு குவிந்திருக்கும். சுற்றிலும் பெண்கள் உட்கார்ந்து சீவுவார்கள். நடுவில், கவிழ்த்துப் போட்ட கூடை மேல் உட்கார்ந்து நான் பேய்க்கதை வாசிப்பேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கென்று மாசா மாசம் வந்துகொண்டிருந்த நாவல்கள் அவை. சுற்றுலா போகிற மாணவர்கள், ஒரு பாழடைந்த பங்களா, இருட்டினால் ஒரு கொலுசுச் சத்தம். எல்லாக் கதையும் அப்படித்தான் ஆரம்பிக்கும். எங்களுக்கு அலுக்கவே இல்லை.

வீட்டில் யாருக்காவது சத்தம் போட்டு வாசித்துக் காட்டித் தொண்டை கட்டிக்கொண்டவர்கள் இருந்தால் கொஞ்சம் கிட்ட வாருங்கள். நம் கஷ்டம் நமக்குத்தான் தெரியும். கேட்கிறவர்களுக்கு என்ன, "அப்புறம்?" என்று சொன்னால் தீர்ந்தது. வாசிக்கிறவளுக்கு ஒரு கண் புத்தகத்தில், ஒரு கண் எதிரில் இருக்கிற முகங்களில். என்னுடைய இரண்டாவது கண் எப்போதும் பாவாயி அக்கா மேலேயே கிடந்தது. அவர் ஒரே மகளைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்துவிட்டு வேலைக்குத் திரும்பி வந்தவர். நான் வாசிக்கிற கதையில் எந்த வரி அவரைக் குத்திவிடுமோ என்று எனக்குத் திக்கு திக்கென்று இருக்கும்.

என் கூடை நிரம்பிய விதம்

எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு நானும் சீவத்தான் வந்தேன். எனக்கு அந்த வேலை சுட்டுப் போட்டாலும் வரவில்லை. தோலோடு பாதிக் கிழங்கையும் சேர்த்துச் சீவித் தள்ளுவேன். இல்லாவிட்டால் தோல் அப்படியே இருக்கும். கட்டைவிரலில் துணி சுற்றாத நாளே கிடையாது. மேஸ்திரி என் கூடையைப் பார்க்கும்போதெல்லாம் சுண்ணாம்பைத் தின்றவர் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்.

ஒரு நாள் சேலத்துக்கு மூட்டை கொண்டுபோன லாரி டிரைவர், சீட்டுக்குப் பின்னால் கிடந்த பேய் நாவல் ஒன்றைக் கொட்டகையில் வீசிவிட்டுப் போனார். கஞ்சி குடிக்கிற நேரத்தில் நான் அதை எடுத்து நாலு பக்கம் வாசித்தேன். கஞ்சி குடித்து முடித்த பிறகும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் கொட்டகைக்கே மூத்தவரான சரசக்கா ஓர் ஏற்பாடு சொன்னார். நான் வாசிக்க வேண்டும், ஆளுக்குக் கொஞ்சமாக அவர்கள் என் கூடையை நிரப்பிவிடுவார்கள். எனக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. நானும் சீவுவேன் என்றேன். சரசக்கா என் கையிலிருந்த கத்தியைப் பிடுங்கிக்கொண்டு சொன்னார்:

"நீ சீவற லட்சணத்துக்குக் கெழங்கே அழுவுது அம்முணி. வாயத் தொறந்து படி, அதாவது உருப்படியா இருக்கும்."

மோட்டார் நின்ற மத்தியானம்

பேய்க்கதை எழுதுகிறவர்களுக்குச் சாதாரணத் தமிழ் பிடிக்காது. பயம் என்றால் பீதி. ரத்தம் என்றால் குருதி. முகம் வெளுக்காது, வெளிறும். நான் ஒரு புதுச் சொல்லில் தடுக்கி நின்றால் அத்தனை கத்தியும் நிற்கும். "அதுக்கு என்னங்கொ அர்த்தம்?" எனக்கு மட்டும் என்ன தெரியும்! முன்னால் ஒரு வரி, பின்னால் ஒரு வரி பார்த்துவிட்டு இப்படித்தான் இருக்கும் என்று தீர்ப்புச் சொல்வேன். அதற்கு அப்பீலே கிடையாது. எங்களுக்குள் ஒரு வழக்கமும் உண்டானது. அன்றைக்கு வந்த புதுச் சொல்லை வீடு போவதற்குள் ஒவ்வொருத்தியும் சொந்தக் காரியத்துக்கு ஒரு தடவையாவது சொல்லிவிட வேண்டும். சொல்லாதவள் மறுநாள் எல்லோருக்கும் குடிக்கத் தண்ணீர் சேந்தி வர வேண்டும்.

'நிசப்தம்' வந்த மத்தியானம் கரண்டு போய்விட்டது. அரவை மோட்டார் நின்றது. அதன் இரைச்சலிலேயே நாங்கள் இத்தனை நாள் உட்கார்ந்திருந்தோம் என்பதே அப்போதுதான் தெரிந்தது. வெளியே காயப்போடும் களம் முழுக்க வெள்ளை. தொட்டியில் கிழங்குப்பால் அசையாமல் தெளிந்துகொண்டிருந்தது. புளித்த மாவு வாசத்தில் கண் சொக்கியது. தூரத்தில் போதமலை தரையை விட்டுக் கொஞ்சம் மேலே நிற்கிறமாதிரி இருந்தது. நாங்கள் கதைக்குள் போய்விட்டோமா, கதை எங்கள் களத்துக்கு வந்துவிட்டதா என்று புரியாமல் ஒருத்தியும் அசையவில்லை. மோட்டார் ரூமிலிருந்து மேஸ்திரி ஓடி வந்து, கரண்டு போனால் கைக்கு என்ன கேடு என்று சத்தம் போட்டார். சரசக்கா தலையைக்கூடத் திருப்பவில்லை:

"நிசப்தம் வந்துருக்குதுங்க மேஸ்திரி. அது போவட்டும், பொறவு சீவறோம்."

பெண் பார்க்க வந்தவர்கள்

சரசக்காவின் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். முந்தின நாள்தான் 'அமானுஷ்யம்' என்ற சொல் வந்திருந்தது. கதாநாயகி கண்களில் அமானுஷ்யமான ஓர் ஒளி தெரிந்தது என்று எழுதியிருந்தது. மனுசர்களிடம் காணக் கிடைக்காதது என்று நான் பொருள் சொல்லியிருந்தேன். தப்பில்லையே! சரசக்கா அதை முந்தியில் முடிந்துகொண்டு போய், வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்துவிட்டு, "எங்க புள்ளைக்குக் கண்ணு ரெண்டும் அமானுஷ்யமா இருக்குமுங்க" என்று எடுத்துவிட்டிருக்கிறார். சம்பந்தி வீட்டார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்களாம்.

மறுநாள் கொட்டகையில் அவர் அதைச் சொல்லச் சொல்ல எங்களுக்கு வயிறு வலித்துவிட்டது. கண்ணாலம் நடந்து, பிள்ளைகள் பிறந்து நன்றாக இருக்கிறார்கள், அது வேறு. சிரிப்பு அடங்கிப் பார்த்தால் பாவாயி அக்கா மட்டும் குனிந்த தலை நிமிராமல் சீவிக்கொண்டிருந்தார். எனக்குச் சிரித்ததே தப்போ என்று ஆகிவிட்டது. ஆனால் மாப்பிள்ளையின் அம்மா விட்டுக்கொடுக்காமல் சொன்ன பதிலை மறக்கவே முடியாது:

"எங்க பையனும் அப்படித்தானுங்க. அவங்கப்பா வழியில வந்தது."

குழந்தைப் பேய்க்குத் தடை

பாவாயி அக்காவின் மகள் பெயர் தங்கம். ஒண்ணாவது படித்துக்கொண்டிருந்த பிள்ளை. பள்ளிக்கூடம் விட்டதும் நேராகக் களத்துக்கு வந்து பாண்டிக் கட்டம் கிழித்து ஆடும். அது போன பிறகு அக்கா வேலைக்கு வந்த முதல் வாரத்தில், யாரோ வாய் தவறித் தங்கத்தின் பேரைச் சொல்லிவிட்டார்கள். அக்கா கத்தியைக் கீழே வைத்தார், எழுந்தார், போய்விட்டார். ஒரு மாசம் ஆளே வரவில்லை. அவர் வீட்டுக்காரர் வந்து, "கெணத்து மேட்டுலயே போயி உக்காந்துக்கறாளுங்க, எனக்கு வெசனமா இருக்குது" என்று மேஸ்திரியிடம் கண்கலங்கினார். சரசக்கா போய்க் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். அப்படி வந்தவர் மறுபடி எழுந்து போய்விட்டால் எங்கே போவார் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

சங்கடம் என்னவென்றால், பிள்ளைகளுக்கு எழுதின பேய்க்கதையில் பாதிப் பேய்கள் பிள்ளைகள்தான். வாசிப்பதையே விட்டுவிடுகிறேன் என்றேன். வாசிக்கும்போதுதான் பாவாயி ரெண்டு வாய் கஞ்சி குடிக்கிறாள், விட்டுவிடாதே என்றார்கள். தண்ணித் தொட்டி ஓரமாகக் கூடிப் பேசி, சரசக்காதான் வழி கண்டுபிடித்தார்:

"எங்கெங்க கொழந்தப் பேயி வருதோ, அங்கெல்லாம் மாமியான்னு படிச்சுரு. எவளுக்கும் வருத்தம் இருக்காது."

நொண்டியடித்த மாமியார்

சொல்வது சுலபம். வாசித்துப் பாருங்கள், தெரியும்! பாவாடையைச் சொருகிக்கொண்டு மாமியார் நொண்டியடித்தாள். பள்ளிக்கூட வாசலில் சிலேட்டோடு ஒரு மாமியார் நின்றாள். விழுந்த பல்லைக் கூரை மேல் எறிந்துவிட்டு மாமியார் ஈயென்று சிரித்தாள். மற்றவர்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு சீவுவார்கள். எனக்கு வேர்த்து ஊற்றும். ஆனால் பாவாயி அக்கா எழுந்து போகவில்லை, அது போதும் என்று ஓட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் சாயங்கால வெயில் கொட்டகைக்குள் சாய்ந்து விழுந்திருந்தது. புளியமரத்தடியில் ஒரு பேய் நிற்கிற கதை. "அம்மாவைக் காணோமே என்று மாமியார் விசும்பினாள்" என்று வாசித்தேன். பாவாயி அக்கா நிமிர்ந்தார். "விசும்பறதுன்னா என்ன அம்முணி?" என்று கேட்டார். அத்தனை நாளில் அவர் கேட்ட முதல் சொல் அது. "சத்தம் வெளிய வராம அழுவறதுங்கக்கா" என்றேன். அவர் கையிலிருந்த கிழங்கைச் சீவி முடித்துக் கூடையில் போட்டார். கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு வந்து போனதை நான் பார்த்தேன், சத்தியமாகப் பார்த்தேன்.

"எந்த மாமியாக்காரி அம்மாளக் காணோம்னு விசும்புவா? புள்ளைன்னே படி சாமி, நான் எந்திரிச்சுப் போவுல."

மந்திரவாதி வந்தான்

படித்தேன். பிள்ளை என்றே படித்தேன். புளியமரத்தடியில் கட்டம் கிழித்துக்கொண்டு அது தனியாக ஆடுகிறது. யார் கண்ணுக்கும் தெரியவில்லை. காற்றில் கட்டம் அழிந்தால் மறுபடி கிழிக்கிறது. கொட்டகையில் கத்திச் சத்தமே மெல்ல ஆகிவிட்டது. எங்களுக்கும் அந்த மரத்தடிக்கும் நடுவில் ஒன்றுமே இல்லாதது போலிருந்தது. பாவாயி அக்கா கண்ணை மூடிக்கொண்டு சீவினார். அந்தக் கை ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

பக்கத்தைத் திருப்பினேன். பக்கத்து ஊரிலிருந்து மந்திரவாதி வந்துவிட்டான், மடியில் இரும்பு ஆணி. நிறுத்திவிட்டேன். இந்தக் கதைகளெல்லாம் எங்கே போய் முடியும் என்று நண்டு சிண்டுக்குக்கூடத் தெரியும். "ஆணியடிக்கறானா?" என்று பாவாயி அக்கா கேட்டார். "ஆமாங்கக்கா" என்றேன். அவர் கத்தியைக் கீழே வைத்தார். சரசக்கா பாதி எழுந்துவிட்டார். பாவாயி அக்கா எழுந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. புத்தகத்தை வாங்கி அந்தப் பக்கத்தைக் கையால் ஒரு தடவை தடவினார். மூடி என் மடியில் வைத்துவிட்டுத் திரும்பிப் போய் உட்கார்ந்து கத்தியை எடுத்தார். நான் அழுதுவிட்டேன், சொல்வதற்கென்ன. அவர் அடுத்த கிழங்கைச் சீவிக்கொண்டே, எல்லோருக்கும் கேட்கிறமாதிரி சொன்னார்:

"அந்த மந்திரவாதிய வந்த பஸ்ஸுலயே ஏத்தி அனுப்பிச்சுரு அம்முணி. புள்ள பாட்டுக்கு ஆடிக்கிட்டு இருக்கட்டும், தொணைக்கு எங்க தங்கமும் வருவா."

அதற்கப்புறம் அந்தக் கொட்டகையில் நான் வாசித்த எந்தக் கதையிலும் மந்திரவாதி ஊர் வந்து சேரவே இல்லை. எங்கள் பக்கத்துப் பஸ் வசதி அந்த லட்சணம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.